டீச்சர் மகள்

ரமணி ஒற்றைப் பையோடு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் புருஷன் வீட்டிலிருந்து கிள்ளானில் அம்மா வீட்டுக்கு வந்து இறங்கி அன்றோடு பதினேழு நாள்.

முதல் நாள், "ரெண்டு நாள் லீவுமா, சும்மா வந்தேன்" என்றாள். மூன்றாம் நாள் காலையில் இங்கிருந்தே பஸ் பிடித்துக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய், சாயங்காலம் இங்கேயே திரும்பினாள். அதன் பிறகு வீட்டில் யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று அவள் அம்மா சீதாலெட்சுமிக்குப் பயம்.

பதில் தபாலில் வந்தது. மருமகன் கார்த்திகேசு எழுதவில்லை. அவனுடைய தாய்மாமன் தம்புசாமி எழுதியிருந்தார். "கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்தும் வீட்டில் ஒரு விசேஷமும் இல்லை. பெண்ணுக்கு ஏதோ குறை இருப்பதாக என் அக்காள் கருதுகிறார். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வருகிறோம். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசிக் கௌரவமாக முடித்துக்கொள்ளலாம்."

ரமணியின் அப்பா ராமலிங்கம் துறைமுகத்தில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மேசைமேல் போட்டார்.

"கௌரவமாவாம். வந்த சரக்கு சேதம், திருப்பி எடுத்துக்கங்கன்னு கப்பல் கம்பெனிக்காரன் எழுதுவான் பாரு, அதே மாதிரி எழுதியிருக்கான்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

அந்த ஞாயிறு வந்தே விட்டது. போதாக்குறைக்கு அன்று காலை ஒன்பது மணிக்குப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம்.

சீதாலெட்சுமி கிள்ளானில் ஒரு பெண்கள் இடைநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக அறிவியல் ஆசிரியை. இந்த 1989-ஆம் வருடம் புதிய பாடத்திட்டம் வந்திருந்தது. அதில் குடும்ப சுகாதாரக் கல்வி என்று ஒரு பகுதி. பருவம் எய்துவது, ஆண் பெண் உறவு, திருமணம், கர்ப்பம் எல்லாம் அதில் உண்டு. செய்தி வெளியே போனதுமே பெற்றோர் கொதித்துவிட்டார்கள். தலைமையாசிரியை மிசஸ் லிம் நேராக சீதாலெட்சுமியிடம் வந்தார். "தமிழ்ப் பேரன்ட்ஸ் நீங்க சொன்னா கேப்பாங்க. மேடையில நீங்கதான் பேசணும்."

கேட்பார்கள்தான். சீதா டீச்சர் என்றால் கிள்ளானில் அப்படி ஒரு பெயர். பிள்ளைகளை அடக்கமாக வளர்த்துக் கொடுப்பவர் என்று.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மூன்றாம் படிவ அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கம் என்று ஒரு பாடம் எப்போதும் இருந்தது. முதல் பாதி செம்பருத்திப் பூ. டீச்சர் அதை மூன்று வாரம் நடத்துவார். பூவைக் கொண்டுவந்து பிளேடால் கீறி, மகரந்தம், சூல்முடி, சூற்பை என்று ஒவ்வொன்றாகக் காட்டி, கலர் பென்சிலால் படம் போடச் சொல்லி, நடுவில் ஒரு டெஸ்ட்டும் வைப்பார். அடுத்த பாதி மனித உடல். அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடுவார். "இதுவும் பூ மாதிரிதான். வீட்டுல படிச்சுக்கங்க." முன்வரிசைப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். பின்வரிசை கிளுகிளுக்கும். மறுநாள் அடுத்த பாடம், மின்சாரம்.

ரமணியும் அதே வகுப்பில், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து படித்தவள்தான். செம்பருத்திக்கு அவளுக்குத் தொண்ணூற்றாறு மதிப்பெண்.

* * *

மண்டபம் நிரம்பி வழிந்தது. மிசஸ் லிம் மலாய் மொழியில் பத்து நிமிடம் பேசி முடித்ததுமே, பண்டமாரான் லோரி டிரைவர் சின்னையா எழுந்துவிட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. நான் பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது படிக்கிறதுக்கு. கண்டதையும் தெரிஞ்சுக்கிட்டு வர்றதுக்கு இல்ல."

"அதானே!" என்று நாலைந்து குரல்.

"நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்குலா இதெல்லாம்? வெள்ளைக்காரன் ஊருல சொல்லிக் குடுத்து என்ன ஆச்சுன்னு பேப்பர்ல பாக்கலியா?"

சீதாலெட்சுமி ஒலிவாங்கி முன் வந்தார். சட்டைப் பையில்லாத ஆசிரியைகள் எல்லோரையும்போல அவரும் கைக்குட்டையை இடுப்பில் செருகியிருந்தார். அதை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மிசஸ் லிம் எழுதிக் கொடுத்த குறிப்பு கையில் இருந்தது. அதில் ஒரு வரியைக்கூட அவர் படிக்கவில்லை. காலையிலிருந்து மனம் நாலு மணியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. எப்படியாவது இதை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும்.

"பயப்படாதீங்க. நானும் ஒரு பொண்ண வளத்துக் கட்டிக் குடுத்தவதான்" என்று தொடங்கினார். "வேண்டாங்கிறவங்க கடிதம் குடுத்துடலாம்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருக்காங்க. உங்க பிள்ள அந்த வகுப்பு நேரத்துல நூலகத்துல உக்காந்திருக்கும். கடிதத்த நானே தமிழ்ல எழுதி வச்சிருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டா போதும். நமக்கெல்லாம் யாரு பாடம் நடத்துனா? கல்யாணம்னு ஒண்ணு ஆனா எல்லாம் தானா தெரிஞ்சிட்டுப் போகுது."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. சின்னையா திரும்பி எல்லோரையும் பார்த்து, "டீச்சர்னா டீச்சர்" என்றார்.

பின்வரிசையில் ஒரு பெண் கைதூக்கினாள். பொது மருத்துவமனை ஒன்றில் பிரசவ வார்டு தாதி, தனலெட்சுமி. இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். வெள்ளை உடுப்பின்மேல் ஒரு சுவெட்டர்.

"தெரியலைன்னா டீச்சர்?"

"என்னம்மா?"

"தானா தெரியலைன்னா? போன வாரம் வார்டுக்கு ஒரு பொண்ணு வந்திச்சு. கல்யாணமாகி ஒரு வருஷம். வலி எடுத்திருச்சு. எங் கையப் பிடிச்சுக்கிட்டு, மிஸ்ஸி, பிள்ளை எந்தப் பக்கமா வரும், வயித்தக் கிழிப்பீங்களான்னு கேக்குது. இருபது வயசு. நான் அங்கயே அழுதுட்டேன்."

ஒருவர் சிரித்தார். அதைத் தொற்றிக்கொண்டு பாதி மண்டபம் சிரித்தது. "மிஸ்ஸிக்குத் தூக்கம் பத்தலலா, வீட்டுக்கு அனுப்புங்க" என்றது ஒரு குரல். தனலெட்சுமி உட்காரவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சீதாலெட்சுமி மணியைப் பார்த்தார். பதினொன்று.

"அதெல்லாம் ஆயிரத்துல ஒண்ணும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

* * *

வீட்டில் ராமலிங்கம் இல்லை. அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போயிருந்தார். ரமணி அடுப்படியில் வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். தன்னை வேண்டாம் என்று சொல்ல வருகிறவர்களுக்குத் தானே வடைக்கு அரைக்கிறாள். சீதாலெட்சுமிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"தள்ளு, நான் பாத்துக்கிறேன்."

"முடிஞ்சுது. கூட்டம் என்னம்மா ஆச்சு?"

"நல்லபடியா முடிஞ்சுது. நாப்பத்தோரு பேர் வேணாம்னு கடிதம் குடுத்துட்டாங்க. எனக்கும் பாரம் கொறைஞ்சுது. அந்தக் கண்றாவியை எப்படி வகுப்புல நின்னு சொல்றதுன்னு ஒரு மாசமா தூக்கமே இல்ல. கல்யாணம் ஆனா தானா தெரிஞ்சிட்டுப் போகுது."

ரமணி கிரைண்டரை நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியலம்மா."

"என்ன தெரியல?"

"தானா ஒண்ணும் தெரியல." மாவு ஒட்டிய கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவருக்கும் தெரியல."

சீதாலெட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும், பக்கத்தில் இருந்த அரிசி டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷமாவா?"

ரமணி தலையாட்டினாள். ஒருமுறை வாயைத் திறந்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பலகைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். முதல் வாரம் ஒருமுறை முயன்றார்கள். அவளுக்கு உயிர் போகிற வலி. உடம்பில் எதுவோ கிழிந்து செத்துப்போகப்போகிறோம் என்று நினைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் பயந்து எழுந்து, விடியும்வரை சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். பின்னும் ஓரிரு முறை அப்படித்தான். அதன் பிறகு அவன் பக்கத்தில் வரவே பயந்தான்.

"என்ன செய்யணும்னு என்கிட்ட கேட்டாரும்மா. நீ சயன்ஸ் டீச்சர் மக, உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சேன்னாரு. அவரு ஆம்பள, அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நான் நெனைச்சேன். கூட்டாளிங்ககிட்ட கேட்டா சிரிப்பாங்கன்னு அவரும் யாரையும் கேக்கல."

"டாக்டர்கிட்ட நான்தானேடி கூட்டிட்டுப் போனேன்..."

"நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. புருஷன் பொண்டாட்டி நல்லா இருக்கீங்களான்னு கேட்டாரு. நல்லா இருக்கோம்னேன். வேற என்ன சொல்றது?"

"மாமியார் விரதம், விளக்குன்னு சொன்னதெல்லாம்..."

"எல்லாம் செஞ்சேன். அரசமரத்த நூத்தியெட்டு சுத்துச் சுத்துனேன். அவரு துண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓரமா நிப்பாரு. ரெண்டு பேருக்கும் தெரியும், சுத்தி ஒண்ணும் ஆகாதுன்னு. யார்கிட்ட சொல்றது?"

ரமணி பெரியவளானபோது மண்டபம் எடுத்து, கார்டு அடித்து, முன்னூறு பேருக்குச் சாப்பாடு போட்டார்கள். மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். அவளுக்கு என்ன நடந்திருக்கிறது என்று கிள்ளானுக்கே தெரிந்திருந்தது. அவளுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. மூன்று நாள் தனக்குப் புற்றுநோய் என்று நினைத்திருந்ததாகப் பின்னால் ஒருநாள் அவள் வேடிக்கையாகச் சொன்னாள். சீதாலெட்சுமியும் அன்று அதற்குச் சிரித்தார்.

"எனக்கு அவர் மேல கோபம் இல்லம்மா. அவருக்கும் இல்ல. என்னால உனக்கு வலிதான்னு சொல்லிட்டு, அவர்தான் என்னைக் கொஞ்ச நாள் இங்க வந்து இருக்கச் சொன்னாரு." ரமணி கைகளைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு அம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நாலு மணிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. அவங்க வந்ததும், கோயிலுக்குப் போய்ட்டு வர்றோம்னு நானும் அவரும் அரை மணி நேரம் வெளிய போய்டுறோம். நான் அவர்கிட்ட பேசுறேன். எங்களுக்கு என்ன கோளாறு, இதுக்கு டாக்டர் இருக்காங்களா, எப்படி... எல்லாத்தையும் இப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க. அது போதும்."

"ம்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. அப்பாகிட்டகூட. அவருக்குத் தெரிஞ்சா வெக்கத்துலயே செத்துருவாரு."

"சத்தியமா சொல்லமாட்டேன்."

சீதாலெட்சுமி நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பினார். பென்சிலை எடுத்தார். இருபத்திரண்டு வருடம் சாக்பீஸ் பிடித்த கை. இங்கிலீஷில் அத்தனை பெயரும் தெரியும். மலாயில் தெரியும். பெற்ற மகள் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல ஒரு வார்த்தை எழவில்லை. பென்சில் தாளில் ஒரு வளைவு போட்டது. இன்னொன்று. ஐந்து இதழ் ஆகிவிட்டது.

ரமணி அதைப் பார்த்தாள்.

"எண்ணெய் காயுது" என்று சீதாலெட்சுமி எழுந்தார். அடுப்பை இன்னும் பற்றவைக்கவே இல்லை. "அவங்க வர்ற நேரம். போனப்புறம் ஆற அமரப் பேசலாம்டி. எங்க போய்டப் போறோம்?"

"அவங்க போனப்புறம் பேசி என்னம்மா ஆகப்போகுது?"

சீதாலெட்சுமி திரும்பாமல் வாணலியை எடுத்து வைத்தார்.

* * *

தம்புசாமியின் டாட்சன் கார் நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்து நின்றது. செந்தூலில் இரும்புக் கடை வைத்திருந்தவர். எடை போடுகிற பார்வை. அவர் பின்னால் அக்காள் இராஜம்மா. கடைசியாகக் கார்த்திகேசு. ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

செருப்பைக் கழற்றும்போதே அவன் மெதுவாகக் கேட்டான். "அத்தை, ரமணி இருக்காங்களா?"

கேட்டது சீதாலெட்சுமியிடம். அடுப்படி வாசலில் ரமணி நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையைச் சீதாலெட்சுமி பார்த்தார். பிரியப்போகிறவர்கள் பார்க்கும் பார்வையாக அது இல்லை. 'ரெண்டு பேரும் கோயிலுக்குப் போய்ட்டு வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல அதுதான் நேரம். மகளுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்ற எண்ணம் அவர் வாயைக் கட்டியது.

"உக்காருடா" என்றார் தம்புசாமி. நேரம் போய்விட்டது.

ரமணி கோப்பி கொண்டுவந்தாள். கார்த்திகேசுவுக்கு மட்டும் தனிக் கோப்பை, பாலில்லாமல். அவன் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டான்.

"சுத்தி வளைக்க வேணாம்" என்று தம்புசாமி ஒரு பழுப்பு உறையை மேசையில் வைத்தார். "சட்டப்படி ரெண்டு வருஷம் முடியாம மனுக் குடுக்க முடியாது. இப்ப முடிஞ்சிருச்சு. ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டா கோர்ட்டுல இழுத்தடிக்க மாட்டான். நகை, சாமான் எல்லாம் திருப்பிக் குடுத்துர்றோம். பொண்ணு பேருக்கும் பாதகம் இல்ல."

"மாப்பிள்ள கையெழுத்துப் போட்டாச்சா?" என்று, கோயிலிலிருந்து திரும்பியிருந்த ராமலிங்கம் கேட்டார்.

"போடுவான்."

கார்த்திகேசு தலைநிமிர்ந்தான். "நான் போடுறேன்னு சொல்லல மாமா. ரமணிகிட்ட பேசணும்னுதான் வந்தேன்."

"நீ என்னத்தப் பேசுவ? ரெண்டு வருஷம் பேசாததையா?" இராஜம்மா மகனை அடக்கிவிட்டுச் சீதாலெட்சுமி பக்கம் திரும்பினாள். கெட்ட மனுஷி இல்லை. ஒரே மகன், புருஷன் இல்லாமல் வளர்த்தவள். "சம்பந்தியம்மா, நான் எம்புட்டு விரதம் இருந்தேன்னு அந்த முருகனுக்குத் தெரியும். அரசமரத்தைச் சுத்திச் சுத்தி இவளுக்குத் தலை சுத்துச்சோ இல்லியோ, பாத்துக்கிட்டு நின்ன எனக்குச் சுத்துச்சு. பொண்ணுக்கு என்னமோ கோளாறு. உங்களுக்கு முன்னாடியே தெரியும். படிச்சவங்க நீங்க. மறைச்சுக் கட்டி வச்சுட்டீங்க."

"எங்க பொண்ணுக்கு ஒரு கோளாறும் இல்ல" என்றார் ராமலிங்கம்.

"அப்ப டாக்டர் சர்டிபிகேட் காட்டுங்க" என்றார் தம்புசாமி. "பாதகமில்லாம முடிக்கலாம்னுதான் வந்தேன். இல்லைன்னா பொண்ணு மலடின்னு மனுவிலயே எழுத வேண்டியதுதான். அப்புறம் டீச்சர் மகன்னுகூட யாரும் பாக்கமாட்டாங்க."

மலடி என்ற அந்தச் சொல்தான் வேலையைக் கெடுத்தது.

சீதாலெட்சுமி எழுந்தார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியாது. மகளை மலடி என்று ஒருவன் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்கிறான், அது மட்டும்தான் காதில் இருந்தது.

"எம் பொண்ணுக்குக் குறை ஒண்ணும் இல்ல."

"அம்மா" என்றாள் ரமணி.

"உங்க பிள்ளைக்கும் குறை இல்ல. ரெண்டும் ஒண்ணும் தெரியாம இருந்திருக்குதுங்க. ரெண்டு வருஷமா ஒரே ரூமுல இருந்தாங்களே தவிர, புருஷன் பொண்டாட்டியா இருந்ததே இல்ல. போதுமா? அரசமரத்தைச் சுத்துனா பிள்ளை வந்துருமா?"

மேடையில் காலையில் வந்த அதே குரல். கணீரென்ற, யாருக்கும் சந்தேகம் வைக்காத குரல்.

ராமலிங்கம் தரையைப் பார்த்தார். இராஜம்மா வாயில் கைவைத்தாள்.

தம்புசாமிக்குத்தான் முதலில் வந்தது. சிரிப்பு. அடக்கப் பார்த்துத் தொண்டையில் சிக்கி, புரையேறி வெடித்த சிரிப்பு.

"ரெண்டு வருஷமாவா? டேய் கார்த்தி! ரெண்டு வருஷமா என்னடா செஞ்ச? பஜனையா?"

கார்த்திகேசுவின் காது நுனி சிவந்தது. கோப்பிக் கோப்பையை ஓசைப்படாமல் மேசையில் வைத்தான். எழுந்தான். ரமணியை ஒருதரம் பார்த்தான். 'நீயா சொன்ன?' என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான்.

"டேய், கார் இங்க இருக்குடா!" என்று இராஜம்மா வாசல்வரை ஓடினாள். அவன் திரும்பவில்லை. அவள் திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். "எம் பிள்ளைய ஆம்பளையே இல்லன்னு சபையில சொல்லிட்டீங்களே டீச்சரம்மா. நாளைக்கு அவன் எப்படி வேலைக்குப் போவான்?"

"நான் அப்படிச் சொல்லலியே..."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

தம்புசாமிக்கும் சிரிப்பு நின்றுபோயிருந்தது. உறையை எடுக்காமலேயே அக்காளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வடையை யாரும் தொடவில்லை.

* * *

ராமலிங்கம் கேட் பக்கம் போய் நின்றுகொண்டார். மனைவி முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது, மகள் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

ரமணி கோப்பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சீதாலெட்சுமி அவள் பின்னால் போய் நின்றார்.

"உன்னை மலடின்னு சொன்னான்டி. நான் எப்படிச் சும்மா இருக்கிறது?"

"சும்மா இருக்கச் சொல்லல." ரமணியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் சீதாலெட்சுமியைக் கொன்றது. "எனக்குச் சொல்லிக் குடுங்கன்னு கேட்டேன். அடுப்படியில, நான் ஒருத்தி மட்டும் இருந்தேன். அங்க உங்களுக்கு வாய் வரல. கூடத்துல அத்தனை பேர் முன்னாடி மட்டும் எப்படிம்மா வந்துச்சு?"

சீதாலெட்சுமியின் கண் மேசைமேல் கிடந்த பழுப்பு உறைக்குப் போனது.

"அந்த மனுவுல அவர் கையெழுத்துப் போட மாட்டேன்னாரு. கேட்டீங்கல்ல? என்கூடப் பேசத்தான் வந்தேன்னாரு. எனக்கு அதுவே போதுமா இருந்துச்சும்மா. இனிமே எந்த முகத்தோட வருவாரு?"

சீதாலெட்சுமி மகளின் தோளைத் தொடக் கையை நீட்டினார். ரமணி நகரவில்லை. ஆனால் அந்தத் தோள் கட்டைபோல இருந்தது. கையை எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை வகுப்பு, ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் என்று மனம் தானாகப் பெருக்கத் தொடங்கியது. பாதியிலேயே பயந்து நிறுத்திவிட்டார்.

ஏழு மணி வாக்கில் தொலைபேசி அடித்தது. ராமலிங்கம் எடுத்தார். இராஜம்மா. கார்த்தி பிரிக்பீல்ட்ஸுக்கு இன்னும் வந்து சேரவில்லை, அங்கே வந்தானா என்று கேட்டாள். இல்லை என்றதும் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள்.

சரியாக ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தது. இந்த முறை ரமணி ஓடிப்போய் எடுத்தாள்.

"ஹலோ?"

பதில் இல்லை. சீதாலெட்சுமி அடுப்படி வாசலில் வந்து நின்றார். மகள் ஒரு கையால் மறுகாதைப் பொத்திக்கொண்டு கேட்பது தெரிந்தது.

"ஹலோ... யாரு?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். அவள் முகம் மாறியது. "பஸ் ஸ்டாண்டு காசு போன்லயா இருக்கீங்க?"

தூரத்தில் ஒரு கோலாலம்பூர் பஸ் கண்டக்டர் 'கேயெல், கேயெல்' என்று கத்துவது மட்டும் அவளுக்குக் கேட்டது.

"சாப்டீங்களா?" என்றாள்.

அப்புறம் அவளும் பேசவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. ராமலிங்கம் ஏதோ கேட்க வாயெடுத்தார். சீதாலெட்சுமி தலையசைத்துத் தடுத்தார். மகள் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு, விளக்கம் சொல்லி, எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும்போல அவருக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

"என்னம்மா சொல்றாரு?" என்று ராமலிங்கம் பொறுக்க முடியாமல் கிசுகிசுத்தார்.

ரமணி ரிசீவரை நெஞ்சில் வைத்து மூடிக்கொண்டு திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"ஒண்ணும் பேசலப்பா. மூணு நிமிஷம் முடிஞ்சு கட் ஆகப்போச்சு." ரிசீவரை மறுபடி காதுக்குக் கொண்டுபோனாள். "இன்னொரு காசு போட்டாரு."